எடைச் சீட்டு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ராலி (சாதாரண ரோட்டிலும் மண் ரோட்டிலும் நேரக் கணக்கு வைத்து ஓட்டும் பந்தயம்) கார் தயார் செய்யும் நம்ம ஊர் இளைஞர்களைப் பற்றி அரைப் பக்கத்துக்கு வந்த கட்டுரையைப் படித்தேன். படம் நன்றாக இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறும் தகரமாக நிற்கிற கார், பக்கத்தில் கழற்றிப் போட்ட சீட்டுகள், கார்ப்பெட், கதவு அட்டைகள் எல்லாம் குவியலாக. 200 கிலோ குறைத்துவிட்டோம் என்று ஒரு தம்பி சொன்னதை அப்படியே தலைப்பாகவும் போட்டுவிட்டீர்கள். எந்த எடை மேடையில் நிறுத்திப் பார்த்தீர்கள் என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

நான் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. பத்து வருடத்துக்கு மேல் நேவிகேட்டராக இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து, அடுத்த வளைவு எப்படி என்று டிரைவருக்கு நோட்ஸ் படித்துச் சொன்னவன், மீதி நேரம் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். கோவையில் இந்தக் கிறுக்குக்குப் பஞ்சமே கிடையாது. பம்பும் மோட்டாரும் வார்ப்பும் செய்கிற ஊர், தெருவுக்கு ஒரு லேத் பட்டறை. கரிவரதன் இங்கே இருந்துதான் பந்தயக் கார்களை வடிவமைத்தார், அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003 முதல் ஓடுதளம் இருக்கிறது. ஃபார்முலா ஒன் வரை போன நரேனின் அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் ராலியில் தேசிய சாம்பியனாக இருந்தவர். அதனால் பையன்களுக்கு ஆசை வருவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, சந்தோஷம்தான். ஆனால் கட்டுரை சொன்ன கதை பாதிக் கதை. கழற்றியதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், திரும்ப மாட்ட வேண்டியதைப் பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் கதையைச் சொல்கிறேன். நாங்கள் எடுத்தது ஒரு பழைய மாருதி எஸ்டீம், 1300 சிசி, 85 குதிரைத்திறன். நண்பரின் யோசனைப்படி எதையும் தொடுவதற்கு முன்னால், விடியற்காலை லாரிகள் வருவதற்குள் இரும்புக் கடைகள் பக்கம் இருந்த ஒரு எடை மேடைக்குக் கொண்டுபோனோம். லாரி நிறுத்துகிற மேடை என்பதால் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், கிராம் கணக்கெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. 880 கிலோ என்று எடைச் சீட்டு வந்தது. அப்புறம் முன் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கிற மாதிரி நிறுத்தி ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் நிறுத்தி ஒரு தடவை. இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை, ஆனால் மொத்த எடையைவிட இதுதான் முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பிறகு பட்டறையில் உரித்தோம். பின் சீட்டு, கார்ப்பெட், கூரைத் துணி, கதவு அட்டை, ஏசி கம்ப்ரஸர், அதன் கண்டென்சர், குழாய்கள், ஸ்டீரியோ, ஆம், சிகரெட் லைட்டர் வரைக்கும். முன் சீட்டு இரண்டையும் எடுத்துவிட்டுப் பாதி எடையில், உடம்பை இருபக்கமும் பிடித்துக்கொள்கிற பக்கெட் சீட். தரைத் தகரத்தில் சத்தம் கேட்காமல் இருக்க கம்பெனி ஒட்டியிருக்கும் தார்ப் பட்டைகள் இருக்கின்றனவே, அவற்றை எடுப்பதுதான் இருப்பதிலேயே எரிச்சலான வேலை. உளி வைத்துச் சுரண்டினால் ஒரு நாளைக்கு ஒரு முழம் நகராது, ஹீட் கன் காட்டினால் பிசின் மாதிரி இழுத்துக்கொண்டு கையெல்லாம் கருப்பு. டிரை ஐஸ் வாங்கிவந்து நொறுக்கிப் பரப்பி, கையுறை போட்டுக்கொண்டு, கதவையெல்லாம் திறந்துவைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். அது மைனஸ் 78 டிகிரி. பட்டை விறைத்து, படபடவென்று விரிசல் விடுகிற சத்தம் கேட்கும், சுத்தியலால் மெல்லத் தட்டினால் அப்பளம் மாதிரி உடைந்து வரும். அள்ளிச் சாக்கில் போட்டு மளிகைக் கடைத் தராசில் வைத்தால் ஆறு கிலோ.

மறுபடி எடை மேடை. 800. எண்பது கிலோ போயிருந்தது. அன்றைக்கு எங்களை யாராவது படம் பிடித்திருந்தால் உங்கள் கட்டுரையில் வந்த மாதிரியேதான் சிரித்துக்கொண்டு நின்றிருப்போம்.

சரி, அப்புறம் என்ன? ரோல் கேஜ், அதாவது கார் உருண்டாலும் உள்ளே இருப்பவர்கள் நசுங்காமல் காக்கிற இரும்புக் குழாய்க் கூண்டு. அதற்கு விதி இருக்கிறது, நம் இஷ்டத்துக்குக் குழாய் வளைக்க முடியாது. சர்வதேச விதிப்படி பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லி கனம், இல்லையென்றால் 50 மில்லிக்கு 2 மில்லி, தையல் இல்லாத எஃகுக் குழாய். 45 மில்லிக் குழாய் ஒரு மீட்டருக்கு இரண்டே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மற்ற குழாய்களையும் பற்றவைத்து முடித்தபோது கேஜ் மட்டும் 55 கிலோ. எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க 4 மில்லி இரும்புத் தகட்டில் சம்ப் கார்டு, அது 22 கிலோ. ஸ்டெப்னி இன்னொன்று, தீயணைப்பான்கள், சீட் பெல்ட், கூடுதல் விளக்குகள், தூரம் காட்டுகிற டிரிப் மீட்டர், ஜாக்கி, டூல்ஸ். மூன்றாவது தடவை மேடையில் ஏற்றினால் 910. எடை போடுபவர் எடைச் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எடையைக் குறைக்கிறோம்னீங்க, லோடு ஏத்திட்டு வந்திருக்கீங்க?" என்றார். அந்த மூன்று சீட்டும் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன.

ராலி காரில் எடையைக் குறைப்பது என்பது இதுதான் சார். உள்ளே இருப்பவனைக் காப்பாற்றும் எடைக்கு இடம் வேண்டும், அதற்காகத்தான் மற்றதைக் கழற்றுகிறோம். வேகம் அதற்கு அப்புறம் வருகிற லாபம். உங்கள் படத்தில் இருந்த காரில் கேஜே இல்லை. ரோட்டில் ஓட்டுகிற நம்பர் பிளேட்டோடு நிற்கிறது, ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருந்த இடத்தில் ஓட்டை. அது ராலி கார் இல்லை, சாவதற்கு வசதி செய்து வைத்த கார். கடுமையாகத்தான் சொல்கிறேன், மன்னியுங்கள்.

எங்களுக்கு மட்டும் புத்தி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 910-ஐப் பார்த்த எரிச்சலில் கிராம் கிராமாகக் குறைக்க இறங்கினோம். சீட்டைத் தரையோடு பிடிக்கிற இரும்பு பிராக்கெட்டுகள் 3 மில்லி கனம், விதியே குறைந்தது அவ்வளவு வேண்டும் என்கிறது. அதில் ஹோல் சா (வட்டமாக அறுக்கிற வாள்) வைத்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு 16 ஓட்டை போட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, வெளிநாட்டுக் கார் மாதிரி. விழுந்த வட்டங்களை அதே மளிகைத் தராசில் போட்டால் 185 கிராம். ஒரு டம்ளர் காபி. கேத்தனூர் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே மண் ரோட்டில் டெஸ்ட் ஓட்டியபோது, ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் எனக்கு அடியில் ஏதோ முறிகிற சத்தம், சீட் பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டது, பெல்ட் தோளில் தொளதொளவென்று தொங்குகிறது, அடுத்த வளைவு என்ன என்று நோட்டில் பார்க்கவும் முடியவில்லை. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் இருந்த இரும்பு கிழிந்திருந்தது. நல்லவேளையாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம், மூன்று வாரம் முதுகு வலியோடு முடிந்தது. அந்த ஓட்டைகளுக்கு இடம் மார்க் பண்ணிக் கொடுத்தவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

பெரிய ஆட்களும் இதே பாடத்தைப் படித்தவர்கள்தான், அதிக விலை கொடுத்து. 1982-இல் வந்த குரூப் பி என்ற ராலி கார் வகையைப் பற்றிப் பெரிசுகள் இன்னும் கண்ணை விரித்துக்கொண்டு பேசுவார்கள். அந்த வகையைச் சேர்ந்த லான்சியா டெல்டா எஸ்4 கார் 890 கிலோதான், குழாய்ச் சட்டகத்தின் மேல் ஃபைபர் உடல், எஞ்சினோ நம் எஸ்டீமைப் போல ஐந்து மடங்குக்கு மேல் சக்தி. 1986 மே 2-ஆம் தேதி கோர்சிகா ராலியில் டிரைவர் ஹென்றி தோய்வோனனும் நேவிகேட்டர் செர்ஜியோ கிரெஸ்டோவும் அந்தக் காரில் ஒரு வளைவில் சாலையை விட்டுக் கீழே விழுந்தார்கள், தீப்பிடித்தது, மிஞ்சியது கருகிய குழாய்ச் சட்டகம் மட்டும். தோய்வோனனுக்கு 29 வயது. அந்த வருடத்தோடு குரூப் பி-க்கு முடிவு கட்டினார்கள். இன்றைக்கு உலக அளவில் ஓடுகிற ராலி2 என்ற வகைக் கார்களுக்குக் குறைந்தபட்ச எடை 1230 கிலோ, ஆட்கள் இருவரோடு 1390. அதற்குக் கீழே போனால் கார் வெளியே. நாற்பது வருடத்துக்கு முந்தைய காரைவிட இவ்வளவு கனம், அப்படியும் அவர்கள் மெதுவாகவா போகிறார்கள்?

எடையைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குறைத்தால் கிடைக்கிற பலன் கொள்ளை. ஆட்கள் இருவரையும் சேர்த்து எங்கள் வண்டி 1060 கிலோ, அதில் 50 கிலோ குறைந்தால் எஞ்சினுக்கு இன்னொரு 4 குதிரைத்திறன் சேர்ந்த மாதிரி. எஞ்சினில் ஏற்றுகிற 4 குதிரை பிரேக் பிடிக்கும்போது உதவாது, வளைவிலும் உதவாது. எடை குறைந்தால் எல்லா இடத்திலும் உதவும், டயரும் கூட நாள் தாங்கும். ஆனால் எங்கிருந்து எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். உரித்த பிறகு முன்னும் பின்னும் தனித்தனியாக எடை போட்டபோது, நாங்கள் கழற்றியதில் பாதிக்கு மேல் பின்பக்கம் இருந்து போயிருந்தது தெரிந்தது. முன் சக்கரம் இழுக்கிற வண்டி, மூக்கு ஏற்கெனவே கனம், இப்போது வாலும் லேசு. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். அதற்காகத்தான் பேட்டரியைப் பின்னால் கொண்டுபோய் வைத்தோம், ஸ்டெப்னிகளை இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாகக் கட்டினோம். எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, வண்டி வேறு வண்டி ஆகிவிட்டது.

ஸ்பிரிங் இன்னொன்று. ஐந்து பேரும் பெட்டியும் ஏறுவார்கள் என்று நினைத்துக் கம்பெனி போட்ட பின் ஸ்பிரிங், உரித்த வண்டியில் அப்படியே இருந்தால் கல் ரோட்டில் சக்கரம் தரையில் நிற்காது, தவளை மாதிரி தத்தும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றக் காசில்லாத ஆள் சீட்டைக் கழற்றாமலே இருக்கலாம்.

கடைசியில் எங்களுக்கு உருப்படியாக எடை குறைந்தது எதில் தெரியுமா? சம்ப் கார்டை 6 மில்லி அலுமினியத்துக்கு மாற்றியதில் 11 கிலோ. தகட்டின் தடிமன் கூடினாலும் எடை பாதி, அதுவும் மூக்கில் இருந்து, கீழே இருந்து. பின் ஜன்னல்களைப் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு மாற்றினோம், அதே கனத்துக்குக் கண்ணாடியில் பாதி எடைதான், ஆனால் நம் ஊர்ப் புழுதியில் துணி வைத்துத் துடைத்தாலே கீறல் விழுந்து இரண்டு ராலியில் மங்கிப் போகும். முன் கண்ணாடியை மட்டும் தொடக் கூடாது, லேமினேட்டட் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம், சல்லிக் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, பெட்ரோல். டாங்க் நிறைய 40 லிட்டர் ஊற்றிக்கொண்டு போனால் 30 கிலோ. அடுத்த சர்வீஸ் (ராலிக்கு நடுவில் வண்டியை நிறுத்திப் பழுது பார்க்கிற இடம்) வரைக்கும் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, பத்திரத்துக்குக் கொஞ்சம் சேர்த்து 20 லிட்டர் ஊற்றினால் 15 கிலோ அங்கேயே போயிற்று. மழை நாளில் மட்கார்டுக்குள் அப்பியிருக்கிற சேற்றைச் சர்வீஸில் வழித்து எறிந்தால் இன்னும் சில கிலோ. (டிரைவர்கள் எல்லாருமே நேவிகேட்டரைத்தான் இளைக்கச் சொல்வார்கள். என் டிரைவர் ராலிக்கு முந்தின நாள் ராத்திரி சாப்பிட்ட பிரியாணியை நான் எந்த நோட்டிலும் எழுதிவைக்கவில்லை.)

ரோட்டு வண்டியில் இதையெல்லாம் செய்கிற தம்பிகளுக்கு ஒன்று. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஏர்பேக்கையும் ஏபிஎஸ்ஸையும் கழற்றிவிட்டு, பம்பருக்கு உள்ளே இருக்கிற இரும்பையும் அறுத்துவிட்டு அவினாசி ரோட்டில் போகிற காருக்கு முன்னால் பஸ் நிற்கும். சிலர் அழகுக்காகக் கேஜ் மட்டும் மாட்டிக்கொண்டு ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுகிறார்கள். சின்ன இடியில் தலை போய் மோதுவது அந்த இரும்புக் குழாயில்தான்.

உங்கள் கட்டுரையில் வந்த தம்பிகளைக் கெட்ட பையன்கள் என்று நான் நினைக்கவில்லை. கையில் வேலை இருக்கிறது, அந்தத் தரைத் தகரத்தைச் சுத்தம் செய்திருக்கிற விதத்தைப் படத்திலேயே பார்த்தேன், எங்களைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். உங்கள் நிருபரிடம் சொல்லி, ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் காரை எடை மேடைக்கு வரச் சொல்லுங்கள். எடைக் கூலியை நான் கொடுத்துவிடுகிறேன். முன் சக்கரம், பின் சக்கரம், மொத்தம், மூன்று எடைச் சீட்டு. அப்புறம் அதைத் தலைப்பாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய நேவிகேட்டர் ஒருவன்,
சுந்தராபுரம், கோவை.