கீமேன் போட்ட ரோலர் கோஸ்டர்

மண்டபம்
ஆடி 5

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். மாடிப்படி ஏறக் கூடாது என்றால் ஏறாதே. மொட்டை மாடியில் வற்றலைக் காக்கை கொத்தினால் கொத்திவிட்டுப் போகட்டும். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

இங்கே கச்சான் காற்று. தென்கடல் கொதிக்கிறது, வடகடல் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடக்கிறது. தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிந்தும் மீன் விலை இறங்கினபாடில்லை. பாம்பன் புதுப் பாலத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய், அதற்கு அப்புறம் வருகிறேன். பதில் எழுதத் தாமதமான காரணத்தை முதலில் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் கேம்.

சிரித்து முடித்துவிட்டாயா? சரி, கேள்.

பேரன் மே மாத லீவுக்கு வந்தவன், தன் பழைய கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். அதில் நோலிமிட்ஸ் 2 என்று ஒன்று. ஜெர்மனிக்காரர் ஒருவர் 2001-இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார், இது 2014-இல் வந்தது. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. டிக்கெட் விற்பது, தின்பண்டக் கடை போடுவது கூடக் கிடையாது. ரோலர் கோஸ்டருக்குத் தண்டவாளம் போடுவது, அதில் வண்டி ஓட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான். முப்பத்தைந்து வருடம் ரயில்வே கீமேனாக, போல்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே தண்டவாளத்தோடு நடந்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பேரன் போட்டு வைத்திருந்த கோஸ்டரைத்தான் முதலில் ஓட்டினேன். செயின் 32 மீட்டர் உயரத்துக்கு வண்டியை இழுத்துப் போய் விட்டது. கீழே பாய்ந்தது. அடுத்த மேடு 40 மீட்டர்! பாதி ஏறி, மூச்சு முட்டி, பின்னாலேயே திரும்பி வந்துவிட்டது. முதல் மேட்டில் வாங்கின கடனைத்தான் மீதிப் பாதை முழுக்கச் செலவழிக்க வேண்டும், நடுவில் எவனும் கொடுக்க மாட்டான், போகப் போகக் காற்றும் உராய்வும் வட்டி பிடித்துக்கொள்ளும் என்று போனில் விளக்கினேன். "தாத்தா, எனக்குத் தெரியும், சும்மா போட்டுப் பார்த்தேன்" என்றான். அது உன் பரம்பரைப் பதில், என்னுடையது இல்லை.

பிறகு நானே ஒன்று போட ஆரம்பித்தேன். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல அங்கங்கே புள்ளி வைத்தால், அவற்றின் வழியாகப் பாதை தானாக வளைந்து ஓடும். நானும் புதுசுக்கு ஆசைப்பட்டு நெருக்க நெருக்கப் புள்ளி வைத்தேன். பார்ப்பதற்கு லட்சணமாக இருந்தது. ஓட்டினால், திரையில் ஜி எண் பேய்பிடித்த மாதிரி மேலும் கீழும் ஆடுகிறது. ஜி என்றால் நம் எடையின் மடங்கு. 3 ஜி என்றால் அறுபது கிலோ ஆளை நூற்றெண்பது கிலோவாக இருக்கையில் அழுத்துகிறது என்று அர்த்தம். என் வண்டியில் அது பக்கவாட்டிலும் அடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தவன் விலா எலும்பு மிஞ்சாது.

இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை படுக்கையிலேயே பொறி தட்டியது. இது நம் வெர்சைன் சமாச்சாரம்!

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வளைவில் வெளித் தண்டவாளத்தின் உள்முகத்தில் 20 மீட்டர் கயிற்றை இழுத்துப் பிடித்து, நட்டநடுவில் கயிற்றுக்கும் தண்டவாளத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று அளப்போம். அதுதான் வெர்சைன். 875 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 57 மில்லிமீட்டர் வரும். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக் குனிந்து குனிந்தே என் இடுப்பு போனது. அங்கே அளவு பெரிதா சிறிதா என்பது இரண்டாம் பட்சம். பத்து மீட்டருக்கு ஒரு முறை அளந்துகொண்டே போனால், நேர்த்தடத்திலிருந்து வளைவுக்குள் நுழையும் இடத்தில் அந்த எண் பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏற வேண்டும், ஏறினது ஒரே மட்டமாக நிற்க வேண்டும், வெளியேறும்போது அதே மாதிரி இறங்க வேண்டும். நடுவில் ஒரு எண் துள்ளினால் அந்த இடத்தில் பெட்டி உதறும், மேல் பர்த்தில் இருப்பவன் கைப்பிடியைத் தேடுவான். வெளித் தண்டவாளத்தை உயர்த்துகிறோமே, அந்தக் கேண்ட்டும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற வேண்டும்.

எழுந்து போய்ப் பாதிப் புள்ளிகளை அழித்தேன். மிச்சமிருந்ததைத் தள்ளித் தள்ளி வைத்தேன். வளைவு தொடங்குவதற்கு முன்பே சாய்வை மெல்ல ஆரம்பித்தேன். ஓட்டினால் எண்கள் தாலாட்டு மாதிரி ஏறி இறங்குகின்றன. கத்த வேண்டும் போலிருந்தது. என் வீட்டுக்காரி தூங்கிக்கொண்டிருந்தாள், கத்தவில்லை.

அதற்குப் பிறகு பழைய கதையெல்லாம் தேடிப் படித்தேன். 1895-இல் அமெரிக்காவில் கோனி ஐலண்டில் வண்டியைத் தலைகீழாகச் சுற்றவைத்த ஒரு கோஸ்டர் இருந்தது. ஃபிளிப் ஃபிளாப் என்று பெயர். சுற்று அச்சு அசலான வட்டம். வட்டம்தானே அழகு என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கணக்கு வேறு மாதிரி. உச்சியில் வண்டி கீழே விழாமல் இருக்கத் தேவையான வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டாலே, வட்டத்தின் அடியில் 6 ஜி வந்துவிடும். அதுவும் நேர்த்தடத்திலிருந்து திடீரென்று. ஏறினவர்களுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். 1976-இல் கலிபோர்னியாவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டரைப் போட்டபோதுதான் வெர்னர் ஸ்டெங்கல் என்கிற ஜெர்மானிய என்ஜினீயர் வட்டத்தைக் கைவிட்டார். வேகம் அதிகமாக இருக்கும் அடியில் அகலமான வளைவு, வேகம் குறைந்துபோகும் உச்சியில் குறுகின வளைவு. கயிற்றில் சுருக்குப் போட்டு, இழுப்பதற்கு முன்னால் ஒரு வடிவம் நிற்குமே, அதேதான். குளோதாய்டு என்கிறார்கள். அதில் ஆரம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகிறது. ரயில்காரன் எத்தனையோ காலமாக வளைவின் வாசலில் போட்டுக்கொண்டிருக்கிற அதே தத்துவம், எழுந்து நின்றுகொண்டிருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் கோஸ்டர்காரர்கள் நம்மைத் தாண்டிவிட்டார்கள். நாம் கேண்ட் கொடுக்கும்போது உள் தண்டவாளத்தை அசையாமல் வைத்து வெளியை மட்டும் உயர்த்துவோம். அகலப் பாதையில் அதிகம் போனால் 165 மில்லிமீட்டர், சாய்வாகப் பார்த்தால் ஐந்தரை டிகிரிகூட வராது. கோஸ்டரில் அறுபது எழுபது டிகிரி சாய்க்க வேண்டியிருக்கிறது. தண்டவாளத்தை மையமாக வைத்து அவ்வளவு சாய்த்தால் உட்கார்ந்திருப்பவன் தலை காற்றில் சாட்டை வீசின மாதிரி போய்வரும். அதனால் உட்கார்ந்திருப்பவனின் நெஞ்சை மையமாக வைத்துச் சுழற்றுகிறார்கள். நெஞ்சு போகிற கோடு ஒழுங்காகப் போக வேண்டும், அதற்காகத் தண்டவாளம் கீழே எப்படி வேண்டுமானாலும் நெளிந்துகொள்ளலாம். படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாம் இரண்டு பேரும் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போய், கையால் சுற்றுகிற மர ராட்டினத்தில் ஏறி, நீ என் புதுச் சட்டையில் வாந்தி எடுத்தது நினைவுக்கு வந்தது. அந்த ராட்டினக்காரரிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

பள்ளத்துக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. இறங்கின உயரத்தை இரண்டால் பெருக்கு, பள்ளத்தின் ஆரத்தால் வகு, ஒன்றைக் கூட்டு. வருவதுதான் ஜி. 30 மீட்டர் இறங்கி, 15 மீட்டர் ஆரத்தில் வளைத்தால் 5 ஜி, கண் இருட்டும். அதையே 30 மீட்டர் ஆரமாக்கினால் 3 ஜி, குழந்தைகள் சிரிப்பார்கள். உராய்வை விட்டுவிட்டுச் சொல்கிறேன். வேகம் இரண்டிலும் ஒன்றேதான், மணிக்கு 87 கிலோமீட்டர்.

இன்னொரு வேடிக்கை, ரயிலில் மாதிரி பாதையைத் துண்டு துண்டாகப் பிரிக்கிற பிளாக் சிஸ்டமும் இதில் உண்டு! ஒரு பிளாக்கில் ஒரு வண்டிதான் இருக்கலாம், முன்னால் காலியாகாமல் பின்னால் இருப்பது நகராது. நான் பெருமையாக மூன்று வண்டி விட்டேன். பிளாக்கும் மூன்றே வைத்திருந்தேன். மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன. வண்டியைவிட ஒரு பிளாக்காவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது போர்ட்டர் பையனுக்குக்கூடத் தெரியும். ரிட்டயர் ஆனவனுக்கு மறந்துபோயிற்று. யாரிடமும் சொல்லாதே.

உன்னிடம் ஒரு சந்தேகம், லேத் பிடித்த கை என்பதால் கேட்கிறேன். நம் ரயில் சக்கரத்துக்கு விளிம்பில் துருத்தி நிற்கிற ஃபிளாஞ்ச் மட்டும்தான் காவல். கோஸ்டரில் மேலே ஓடும் சக்கரம், பக்கவாட்டில் ஒன்று, அடியிலிருந்து பிடித்துக்கொள்ள ஒன்று என்று மூன்று வகை. அடியில் இருப்பதற்கு 1919-இலேயே ஜான் மில்லர் என்பவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அது இருப்பதால்தான் மேட்டின் தலையில் ஆட்கள் இருக்கையை விட்டு எழும்பினாலும் வண்டி தண்டவாளத்தை விடுவதில்லை. சக்கரத்தின் மேல் பாலியூரித்தேன் அல்லது நைலான் போர்த்துகிறார்கள். நைலான் போட்டால் வேகம், பாலியூரித்தேன் போட்டால் மென்மை என்கிறார்கள். நீ எத்தனை நைலான் புஷ் கடைந்திருப்பாய், வெயிலில் எது சீக்கிரம் தேயும்?

சரி, பாலம். போன வருடம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள். 1914-இல் திறந்த பழையது ஆட்கள் கையால் சுற்ற, இரண்டு இதழாக விரியும். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் நேராக எழும்புகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு என்னவோ பழையது விரிவதைப் பார்த்த கண். பழையதில் காற்று அளவுக்கு மேல் போனால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நின்றுவிடும்.

கேமில் அதுதான் இல்லை. வண்டியை நிறுத்துகிற காற்றில்லை, உப்பில்லை. என் கோஸ்டரை உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, பனங்காட்டை ஒட்டின மணலில் இருப்பதாக வைத்திருக்கிறேன். முதலில் தனுஷ்கோடி மணல்தான் கண்ணில் பட்டது. அங்கே மட்டும் தண்டவாளம் போட மனசு வரவில்லை. இந்த உப்புக் காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று பாம்பனில் பெயின்ட் அடித்தவர்களைக் கேட்டால் தெரியும். ஒரு முனையில் அடித்து முடிப்பதற்குள் மறுமுனை துருப்பிடித்திருக்கும். கேமில் எத்தனை வருடம் ஓட்டினாலும் ஒரு போல்ட் லூஸாகாது.

அதனால் நானாக ஒன்று செய்தேன். செயின் ஏற்றத்தின் பக்கத்திலேயே கடைசி வரை படிக்கட்டும் கைப்பிடியும் போட்டேன். நிஜக் கோஸ்டரில் இது உண்டு, வண்டி பாதியில் நின்றால் ஆட்களை இறக்கிக் கூட்டிவர வேண்டுமே. வளைவின் அடியிலும் ஆள் நின்று போல்ட்டைத் தட்டிப் பார்க்க இடம் விட்டு, ஒரு நடைபாதை. இதற்கு மட்டும் நான்கு நாளானது. பேரன் பார்த்துவிட்டு, "அங்கே யாரும் நடக்கப் போவதில்லையே தாத்தா, வண்டியில் போகிறவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது" என்றான். காலையில் முதல் வண்டிக்கு முன்னால் யார் நடந்து பார்ப்பது என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன், படிக்கட்டின் அகலம் போதுமா என்று நீ பார்த்துச் சொல்.

நெத்திலிக் கருவாடு இரண்டு கிலோ பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன். உப்புக் குறைவாகப் போட்டுக் காயவைத்தது, தங்கச்சியைச் சீக்கிரம் சமைக்கச் சொல். சக்கரச் சந்தேகத்துக்கு மறக்காமல் பதில் எழுது, அதற்காகவே ஒரு வளைவை முடிக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாப்ள