பீடி மட்டும் இல்லை முருகேசா

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த சேதியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, மாடிப்படியில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது, டாக்டர் "பீடி குடிச்ச நெஞ்சு, வேறென்ன" என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்று, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. பீடி குடித்தவனுக்கு மில்லைக் குறை சொல்ல வாயில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பஞ்சு மில்லில், பேலைப் பிரித்துப் பஞ்சைச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமில் நாம் இருந்ததை நினைத்துப் பார். வார லீவு முடிந்து ஷிப்ட் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்கும், மறுநாள் கொஞ்சம் குறையும், வாரக் கடைசியில் மறந்தே போகும். லீவு நாளில் தின்ற கறி சேரவில்லை என்று நினைத்தோம். மேஸ்திரி வெல்லக்கட்டி கொடுப்பார், தூசியை இறக்கிவிடும் என்று. வெல்லம் வயிற்றுக்குத்தானே போகும், நுரையீரலுக்கு எப்படிப் போகும்?

நான் பீடியைத் தொட்டதே இல்லை, உனக்குத் தெரியும். எனக்கும் அதே இறுக்கம் இருந்தது. பீடி இருமல் லீவு நாள் பார்த்து வராது, தினமும் காலையில் வரும். லீவுக்கு அடுத்த நாள் நெஞ்சு கட்டினால் அது பஞ்சுத் தூசி. பிசினோசிஸ் என்று அதற்குப் பெயர். பஞ்சோடு வரும் இலைத்தூள், அதில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சு, இதெல்லாம் மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. பல வருடம் போனால் வாரம் முழுக்க இருக்கும், அப்புறம் நிலைத்துவிடும். நம் காலத்தில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பெயர் போட்டே இருந்த நோய் இது, கண்டுபிடிக்கிற டாக்டர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்று விதி இருந்தது. நம்மில் யாருக்காவது எழுதினார்களா?

அதற்காகப் பீடி நல்லது என்று சொல்லவில்லை. மூச்சுக்குழாய்க்குள் மயிரிழை மாதிரி இருப்பவைதான் தூசியைச் சளியோடு மேலே தள்ளுகின்றன. புகை அவற்றை முடக்கிவிடும். எட்டு மணி நேரம் பஞ்சுத்தூசியை இழுத்துவிட்டு, இடைவேளையில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பீடி பற்றவைத்து, தூசியை வெளியே தள்ளுகிற ஆளையும் நாமே கட்டிப்போட்டால் என்ன ஆகும்? உனக்கு என்னைவிட மூச்சு அதிகம் வாங்குவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தூசியும் புகையும் சேர்ந்தால் எவ்வளவு மோசம் என்பதற்கு ஆஸ்பெஸ்டாஸ் கணக்கு ஒன்று உண்டு. 1979-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், இரண்டும் இல்லாதவனைவிட ஆஸ்பெஸ்டாஸ் வேலை மட்டும் பார்த்தவனுக்கு நுரையீரல் புற்றுநோய்ச் சாவு சுமார் 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவனுக்கு 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவனுக்கு 53 மடங்கு. நம் பஞ்சுக்கு அது அப்படியே பொருந்தாது, பஞ்சு கொண்டுவருவது மூச்சிளைப்பு, புற்றுநோய் இல்லை. ஆனாலும் புகைத்தவன் என்று சொல்லி ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியை யாரும் விட்டுவிட முடியுமா, சொல்.

போன மாதம் நான் ஊதிப் பார்க்கிற டெஸ்ட் எடுத்தேன், ஸ்பைரோமெட்ரி. மூச்சை முழுக்க இழுத்து ஒரே மூச்சாக ஊதினால், முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வருகிறது என்று மெஷின் சொல்லும். வயதாக ஆக யாருக்கும் வருடத்துக்கு 30 மில்லி போலக் குறையும், பீடி குடிக்கிறவனுக்கு, அது ஒத்துக்கொள்ளாத உடம்பாக இருந்தால், அதைப் போல இரண்டு மடங்கும் போகும். போனது திரும்பாது. ஆனால் பீடியை விட்டுவிட்டால் குறைகிற வேகம் பீடி குடிக்காதவன் அளவுக்கு இறங்கிவிடும், இந்த வயதிலும். அதனால் "இனிமேல் விட்டு என்ன" என்று மட்டும் சொல்லாதே.

உன் பையன் பஞ்சைச் சீவுகிற கார்டிங்கில்தானே இருக்கிறான்? லீவு முடிந்த முதல் நாள் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் அவனை இந்த டெஸ்ட் எடுக்கச் சொல். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் அது பஞ்சின் வேலை. மூக்கில் துண்டு கட்டினால் போதாது, மெஷினிலேயே தூசியை உறிஞ்ச வேண்டும், அதை நிர்வாகத்திடம் கேட்கலாம்.

நீ அடுத்த வாரம் கோவைக்கு வா. நெஞ்சுநோய் டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். எந்த டிபார்ட்மென்டில் எத்தனை வருடம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள், பழைய சர்வீஸ் சர்டிபிகேட், இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் எடுத்து வா. சனிக்கிழமை காலை பஸ் என்றால் சிங்காநல்லூர் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

உன்
சுப்பிரமணி