லெனி பிரிஸ்கோவோடு முடிந்துவிட்டதா?

சிங்கப்பூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெர்த்தில் குளிர் தொடங்கிவிட்டாலும் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கிறது என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. பேத்தி உன்னோடு தமிழிலேயே பேசுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை என் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே எல்லோரும் நலம். அவருக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. எங்கள் புளோக்கில் மின்தூக்கி மாற்றும் வேலை நடப்பதால் பகலெல்லாம் ஒரே சத்தம். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு நான் பதில் எழுதியே ஆக வேண்டும். ‘லா அண்ட் ஆர்டர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் துப்பறிவாளர் லெனி பிரிஸ்கோவோடு முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வெறும் சக்கை என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நம் பழைய நீதிமன்றக் கூட்டம் கூடியபோது உன் தீர்ப்பைச் சொன்னேன். பாதிப் பேர் உன் கட்சி, பாதிப் பேர் என் கட்சி. தே தாரே ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜெர்ரி ஆர்பாக்கைப் பற்றி உனக்கும் எனக்கும் எந்தச் சண்டையும் இல்லை. 1992 முதல் 2004 வரை அவர் பிரிஸ்கோ என்ற அந்தத் துப்பறிவாளராகவே வாழ்ந்தார். தொடரைவிட்டு விலகிய அதே ஆண்டு டிசம்பரில் அவர் இறந்த செய்தி வந்தபோது, சொந்தத்தில் ஒருவர் போனதுபோல நாம் இருவரும் பேசிக்கொண்டோம். பிணத்தின் அருகில் நின்று அவர் சொல்லும் அந்த ஒற்றை வரிக்காகவே தொடரைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனாலும், ஒரு நடிகர் போனதால் இந்தத் தொடர் சரிந்தது என்பதை என்னால் ஏற்க முடியாது. நடிகர்கள் வந்தும் போயும் இருந்தபோதுதான் அது தலைநிமிர்ந்து நின்றது. முதல் மூன்று பாகங்களுக்குள்ளேயே மூத்த துப்பறிவாளர் இரண்டு பேர் மாறினார்கள். நான்காம் பாகத்தின் முடிவில் அரசு வழக்கறிஞர் பென் ஸ்டோனாக நடித்த மைக்கேல் மோரியார்டி விலகி, ஜாக் மெக்காயாக சாம் வாட்டர்ஸ்டன் வந்தார். 1990இல் தொடங்கிய முதல் பாகத்தில் இருந்தவர்களில் கடைசிவரை தாக்குப்பிடித்த ஸ்டீவன் ஹில்லும் 2000இல் போய்விட்டார். தொடர் அசையவில்லை.

அசையாததற்குக் காரணம், அந்தத் தொடருக்கு வழக்குதான் நாயகன். முதல் பாதியில் போலீஸ் விசாரணை, அடுத்த பாதியில் நீதிமன்றம். அந்த இரண்டாம் பாதிக்காகத்தான் நானும் நீயும் வேலை முடிந்து களைத்து வந்தும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். மொழிபெயர்ப்பாளர்களாக நாம் நாள் முழுவதும் நின்ற இடம் அல்லவா அது? ஹேவ்லாக் ஸ்குவேரில் அந்த எண்கோணக் கட்டடத்துக்குள் சாட்சிக்கூண்டின் பக்கத்தில் நின்று, கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்போமே, நினைத்துப் பார். சாட்சியின் விரல்கள் மரக்கம்பியைப் பிடித்தும் விட்டும் இருக்கும். பதில் வந்ததும் அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நீதிபதியின் பேனா எழுதி நிற்கும்வரை அடுத்த கேள்விக்காகக் காத்திருப்போம். அந்த இடைவெளியில் சாட்சியின் முகத்தில் ஓடுவதை நம்மைப்போல் அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு. பென் ஸ்டோன் குறுக்கு விசாரணை செய்யும் காட்சிகளில் அந்த மௌனம் இருந்தது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு அந்த மனிதர் அசையாமல் நிற்பார். பின்னணி இசை கிடையாது. அவசரம் கிடையாது.

அவர் பதவி விலகிய கதை உனக்கு மறந்திருக்காது. சாட்சி சொல்லப் பயந்த ஒரு பெண்ணை வற்புறுத்திக் கூண்டில் ஏற்றுகிறார். வழக்கு ஜெயிக்கிறது, அந்தப் பெண்ணை ரஷ்யக் கும்பல் கொன்றுவிடுகிறது. அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போகிறார். சட்டப்படி அவர் செய்தது எல்லாம் சரி. இருந்தும் ஓர் உயிர் போய்விட்டது. இதில் யார் குற்றவாளி என்று தொடர் நமக்குச் சொல்லித் தரவில்லை. மறுநாள் மதிய உணவு நேரம் முழுவதும் நாம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

சரிவு எங்கே வந்தது என்று கேட்டால், 1996இல் வந்த ஆறாம் பாகத்தின் கடைசிப் பகுதியை வைத்துத்தான் விளக்குவேன். ஒரு மரண தண்டனை நிறைவேற்றப்படுவதைத் துப்பறிவாளர் இருவரும் அரசு வழக்கறிஞர் இருவரும் நேரில் பார்க்கிறார்கள். அன்றைக்கு விசாரணையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. அந்த ஒரு பகல் அவர்களை என்ன செய்தது என்பதுதான் கதை. குடியை விட்டிருந்த பிரிஸ்கோ மறுபடியும் கோப்பையைத் தொடுகிறார். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் உதவி வழக்கறிஞர் கிளேர் கின்கெய்ட் விபத்தில் இறந்துபோகிறாள். நியூயார்க் மாநிலம் மரண தண்டனையை மீண்டும் கொண்டுவந்தது 1995இல்தான். உண்மையில் அங்கே 1963க்குப் பிறகு ஒருவரும் தூக்கிலோ நாற்காலியிலோ ஊசியிலோ கொல்லப்படவில்லை. நம் ஊரில் அந்தத் தண்டனை இன்றைக்கும் உண்டு. அதனால்தான் அந்தப் பகுதி என்னைத் தூங்கவிடவில்லை.

அது ஏன் அவ்வளவு ஆழமாகத் தைத்தது என்று யோசித்தாயா? அதுவரை ஆறு பாகங்களாக அவர்களுடைய வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போனதே இல்லை. பிரிஸ்கோவுக்கு இரண்டு திருமணம் முறிந்ததும், மகளோடு மனத்தாங்கல் இருப்பதும் போகிறபோக்கில் விழும் அரை வாக்கியத்தில்தான் தெரியும். அடக்கி வைத்திருந்ததை ஒரே ஒருமுறை திறந்தார்கள். இன்றைய தொடர்களில் வாரந்தோறும் யாராவது ஒரு துப்பறிவாளரின் அண்ணன் சிறையில் இருக்கிறான், இல்லாவிட்டால் மகள் கடத்தப்படுகிறாள். எல்லா வாரமும் இடி விழுந்தால் எந்த இடியும் காதில் ஏறுவதில்லை. வழக்குக்கு நேரமும் மிஞ்சுவதில்லை; குற்றவாளி கடைசி ஐந்து நிமிடத்தில் அழுது ஒப்புக்கொண்டுவிடுகிறான்.

இதற்காகத்தான் இதன் கிளைத் தொடரான ‘சிறப்புப் பாதிக்கப்பட்டோர் பிரிவு’ பற்றிப் பேசும்போது நான் கொஞ்சம் கடுமையாகிவிடுகிறேன். 1999இல் தொடங்கியது இன்னும் ஓடுகிறது. மாரிஸ்கா ஹார்கிடே நல்ல நடிகை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2013இல் அவர் நடிக்கும் துப்பறிவாளர் ஒலிவியா பென்சனை ஒரு கொடூரன் கடத்தி வைத்துச் சித்திரவதை செய்வதாகக் கதை கொண்டுபோனார்களே, அதன்பின் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் பின்னால் போய், விசாரிக்கிற பென்சனே வழக்காகிவிட்டார். இதைச் சொன்னதும் நம் கூட்டத்தில் ஒருத்திக்கு முகம் சிவந்துவிட்டது. “புகார் கொடுக்க வருகிற பெண்ணை முதல் வார்த்தையிலேயே நம்புகிற ஓர் அதிகாரியைத் திரையில் இத்தனை ஆண்டு காட்டினார்களே, அது சின்ன விஷயமா?” என்றாள். சின்ன விஷயம் இல்லைதான். அந்தப் பாத்திரத்தில் நடித்ததன் விளைவாகவே ஹார்கிடே 2004இல் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்காக ஓர் அறநிறுவனம் தொடங்கினார். வழக்கு நாடகமாக அது தேய்ந்துவிட்டது என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் அவள் சொன்னதை நான் மறுக்கவும் இல்லை.

இப்போது உன் தீர்ப்புக்கு வருகிறேன். 2004க்குப் பிறகு இரண்டு மூன்று பாகங்கள் தள்ளாடியது உண்மை. ஆனால் 2008 தொடக்கத்தில் வந்த பதினெட்டாம் பாகத்தை நீ பார்க்கவே இல்லை என்று உன் கடிதமே சொல்கிறது. முதல் நாட்களிலிருந்து எழுதிய ரெனே பால்சர் மறுபடியும் பொறுப்பை ஏற்றார். மெக்காய் மாவட்டத் தலைமை வழக்கறிஞராகி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட, மைக்கேல் கட்டர் என்ற இளைஞன் நீதிமன்றத்துக்குப் போகிறான். ஒரு காலத்தில் மெக்காய் செய்த அதே அடாவடியை அவன் செய்யும்போது அடக்க வேண்டியவர் மெக்காய். ஆட்கள் முக்கால்வாசி புதியவர்கள், ஆனால் எழுத்தில் பழைய கூர்மை வந்துவிட்டது. இருபதாம் பாகத்தில் துப்பறிவாளர்களின் மேலதிகாரி வான் பியூரனுக்குப் புற்றுநோய் வருகிறது. அதையும் பழையபடி ஒரு பார்வை, ஒரு தொலைபேசி அழைப்பு என்று சின்னச் சின்னத் துணுக்குகளாகவே சொன்னார்கள். 2010 மே மாதம் தொடரை நிறுத்தியபோது அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலம் என்பது என் எண்ணம். எனக்குக் கோபமே வந்தது.

2022இல் மீண்டும் தொடங்கியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேச்சில் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் 2024 பிப்ரவரியில் மெக்காய் கடைசியாக ஒருமுறை தானே நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடிவிட்டுப் பதவியைத் துறக்கும் பகுதியை மட்டும் பார். 1994 முதல் பார்த்த முகம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

தேக்காவில் பேச்சு கடைசியில் ஜூரியில் போய் நின்றது. நம் ஊரில் 1969இல் ஜூரி முறையை எடுத்துவிட்டார்கள். வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் எவ்வளவோ எதிர்த்தும் பலிக்கவில்லை. 1950 மரியா ஹெர்டோக் கலவரத்தில் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட நால்வருக்காக வாதாடியபோதே ஜூரி முறையில் தமக்கு நம்பிக்கை போய்விட்டது என்று லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நீதிபதியே எல்லாவற்றையும் முடிவு செய்கிற ஊரில் இருந்துகொண்டு, பன்னிரண்டு சாதாரண மனிதர்களைப் பார்த்து வக்கீல் பேசுவதை இவ்வளவு ஆசையாக ஏன் பார்த்தோம்? எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தப் பன்னிரண்டு பேர் இடத்தில் நம்மை உட்காரவைத்தார்கள். நல்ல பாகங்களில் நம்மையும் யோசிக்கவிட்டார்கள். சரிந்த பாகங்களில் நமக்காக அவர்களே யோசித்துவிட்டார்கள். உனக்கு வேறு காரணம் இருந்தால் எழுது.

பதினெட்டாம் பாகத்தில் ஐந்தாறு பகுதியாவது பார்த்துவிட்டுப் பதில் போடு. பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதே. டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் எடுத்ததும் தேதியைத் தெரிவி. கூட்டத்தை அந்த வாரத்துக்கே வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உன் மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பு.

என்றும் அன்புடன்,
உன் தோழி