ஐந்து நிமிடம் முன்னால் வந்துவிட்டேன், அதுதான் பிரச்சினை

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்ததும் போனில் "நல்லா போச்சு, 2.15" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீயும் சந்தோஷப்பட்டு நாலு பேரிடம் சொல்லியிருப்பாய். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே மாடிப்படி இறங்குகிறேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போதுதான் தொடை உயிர் போகிறது. சரி, உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நீ போட்டுக்கொடுத்த திட்டம் நினைவிருக்கிறதா? மாரத்தானுக்கு ஐந்து வாரம் முன்னால் ஒரு சின்ன ஹாஃப், அதாவது 21.1 கிலோமீட்டர் அரை மாரத்தான். அதைப் பந்தயமாக ஓடக் கூடாது. மாரத்தானில் ஓடப்போகிற அதே வேகத்தில், கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 விநாடி, முதலிலிருந்து கடைசி வரை. 2 மணி 20 நிமிடத்தை ஒட்டி வந்து சேர வேண்டும். வந்த பிறகும் காலில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். முதல் நாள் இரவுகூட ஒருமுறை படித்தேன்.

காலையில் துப்பாக்கிச் சத்தம்கூட இல்லை. ஒருவர் கையை உயர்த்தி "ம், போகலாம்" என்றார். மொத்தமே இருநூறு பேர்தான் இருந்திருப்போம். பெரிய ஓட்டங்களில் முன்னால் இருக்கும் கூட்டமே நம்மைப் பிடித்து நிறுத்திவிடும், முதல் கிலோமீட்டர் நடையும் ஓட்டமுமாகத்தான் போகும். இங்கே தடுக்க யாரும் இல்லை. எல்லோரும் பறந்தார்கள், நானும் பறந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் ஒருவர் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். அவ்வளவுதான், அலமாரிக் கதவு மறந்துபோயிற்று. முதல் ஐந்து கிலோமீட்டரை 30 நிமிடம் 25 விநாடியில் முடித்துவிட்டேன். அதாவது கிலோமீட்டருக்கு 6.05. திட்டத்தைவிட 35 விநாடி வேகம்.

இதில் மோசம் என்னவென்றால், அப்போது உடம்பு சுகமாக இருந்தது. மூச்சு வாங்கவில்லை. 'நாம் நினைத்ததைவிட நன்றாகத் தயாராகிவிட்டோம் போலிருக்கிறது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட்டக்காரர்கள் எல்லோரும் சொல்லும் பொய் இதுதான் என்று நீ எச்சரித்திருந்தாய். என் குரலில் கேட்டதால் அடையாளம் தெரியவில்லை.

பத்து வரை சமாளித்தேன். பதினைந்தைத் தாண்டியதும் முன்னால் பார்த்தேன், யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தேன், அங்கேயும் யாரும் இல்லை. நடுவில் நான் மட்டும். சின்ன ஓட்டம் என்றால் கூட்டம் குறைவு, கழிப்பறை வரிசை குறைவு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். மூன்றில் ஒரு பங்கு தூரத்தைத் தனியாக ஓட வேண்டியிருக்கும் என்று யோசிக்கவில்லை. வேகத்தைப் பிடித்துக் கொடுக்க ஒரு முதுகு இல்லாதபோது கால் தானாகக் குறைந்துவிடுகிறது. கடைசி ஆறு கிலோமீட்டரை 6.46 வீதம்தான் ஓடினேன். சொல்லப்போனால் ஓடவில்லை, என்னையே ஏசிக்கொண்டு நகர்ந்தேன்.

கோட்டைத் தாண்டியபோது 2.15. அப்பா பையை வைத்துக்கொண்டு நின்றார். "ஜெயிச்சிட்டியா?" என்றார். திட்டத்தைவிட ஐந்து நிமிடம் முன்னால் வந்திருக்கிறேன், எல்லோரும் கை குலுக்கினார்கள். ஒத்திகையில் வசனத்தையெல்லாம் மாற்றிப் பேசிவிட்டுக் கைதட்டல் வாங்கியவள் மாதிரி நின்றேன்.

இப்போது கணக்கு. என் நேரத்தைப் பார்த்து நீ உடனே 'அம்மா 4.40-ஐ ஒட்டி வருவார்' என்று கணக்குப் போட்டிருப்பாய், எனக்குத் தெரியும். பீட்டர் ரீகல் என்ற பொறியாளர் 1977-ல் ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார் இல்லையா, தூரம் இரட்டிப்பானால் நேரம் ஏறக்குறைய 2.085 மடங்காகும் என்று. 135 நிமிடத்தை அதால் பெருக்கினால் 281 நிமிடம், 4 மணி 41 நிமிடம் வரும். கிலோமீட்டருக்கு 6.40. அதாவது நான் தயாராக வைத்திருந்த வேகமேதான்! ஆனால் அந்தச் சூத்திரம் இரண்டு தூரத்துக்கும் சமமாகத் தயாரான கால்களுக்கு. வாரம் நான்கு நாள் மட்டும் ஓடுகிற 57 வயதுக் கால்களுக்கு அது தாராளமாகத்தான் சொல்கிறது. அதோடு ஹாஃப் முடிகிற இடத்தில் உடம்பிலிருக்கும் மாவுச்சத்துச் சேமிப்பு இன்னும் தீர்ந்திருக்காது. முப்பது கிலோமீட்டருக்கு அப்புறம்தான் அது பலருக்கும் கையை விரிக்கிறது. முப்பதுக்குப் பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எனக்கு எதுவும் சொல்லவில்லை. 15-லேயே தடுமாறினேன் என்பதை மட்டும் சொன்னது.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். கிலோமீட்டருக்கு 7 நிமிடம். மொத்தம் 4 மணி 55 நிமிடம். முணுமுணுக்காதே.

அப்புறம் சில்லறை விஷயங்கள், உனக்கும் உதவும். ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் இனிப்புக் கூழ்ப் பொட்டலம் இருக்கிறதே, அந்த ஜெல்லை ஏழாவது கிலோமீட்டரில் சாப்பிட்டேன், தண்ணீர் மேஜை அதற்கு முன்பே போய்விட்டது. தண்ணீர் இல்லாமல் உள்ளே போன ஜெல் வயிற்றில் பசை மாதிரி உட்கார்ந்துகொண்டது, பத்து நிமிடம் சுருக்கென்று குத்திக்கொண்டே இருந்தது. இரண்டாவதை மேஜை கண்ணில் பட்டதும் பிரித்தேன், சத்தமே இல்லை. கோப்பையை வாயில் கவிழ்த்தால் மூக்குக்குத்தான் போகிறது. விளிம்பைக் கிள்ளிக் கூம்பாக்கிக்கொண்டு குடிக்க வேண்டும். இதற்காகவாவது ஹாஃப் ஓடியது நல்லது. புது சாக்ஸ் போட்டுப் போனது என் முட்டாள்தனம், வலது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. மாரத்தான் அன்று பழசுதான். ஷூ லேஸுக்கு இரட்டை முடிச்சு.

வாட்ச் பற்றி ஒன்று. முடியும்போது என்னுடையது 21.1-க்குப் பதில் 21.34 கிலோமீட்டர் காட்டியது. 'அளந்தவர்கள் தப்பாக அளந்துவிட்டார்கள்' என்று பக்கத்தில் ஒரு பையன் கோபப்பட்டான். பாதையை அளக்கும்போது ஒவ்வொரு வளைவையும் உள் ஓரமாக ஒட்டி, ஓட முடிந்த மிகக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள். நாம் தண்ணீருக்கு ஒதுங்கி, வளைவில் அகலமாகப் போய், ஆளைச் சுற்றி ஓடுகிறோம். சும்மா கிடைத்த இருநூறு மீட்டர் அது. மாரத்தானில் இரண்டு மடங்காகும். அதனால் வாட்சில் 7.00 என்று காட்டினால் கணக்கில் நாலைந்து விநாடி பின்தங்குகிறோம் என்று பொருள். பாதையோரக் கிலோமீட்டர் பலகையைப் பார்த்து ஓடு, வாட்சைப் பார்த்து ஓடாதே.

மாரத்தானில் 42 கிலோமீட்டருக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 195 மீட்டரை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் ஓட்டம் முடிய வேண்டும் என்று ஏற்பாடு செய்ததில் 42.195 வந்தது, 1921-ல் அதுவே எல்லோருக்கும் விதியானது. யாரோ உட்கார்ந்து பார்ப்பதற்காக நாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறோம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வைக்க 1984 வரை ஆனது. அதற்கு முன் அங்கே நாங்கள் ஓட அனுமதிக்கப்பட்ட மிக நீண்ட ஓட்டம் 1500 மீட்டர். லாஸ் ஏஞ்சல்ஸில் ஜோன் பெனாய்ட் ஜெயித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் விளையாட்டு மைதானத்தில் பெண்களை இரண்டு சுற்றுக்கு மேல் ஓட விட மாட்டார்கள், மயங்கி விழுந்துவிடுவோமாம். அதனால்தான் ஏழு நிமிட வேகத்தைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. வருத்தம், சொன்னபடி செய்யவில்லை என்பதில்தான்.

இந்த வாரம் முழுவதும் மெதுவான ஓட்டம் மட்டும். அடுத்த வாரக் கடைசியில் 30 கிலோமீட்டர், அப்புறம் மூன்று வாரம் ஓடும் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருவேன். அந்த முப்பதில் முதல் பத்தை எவ்வளவு மெதுவாக ஓட முடிகிறது என்று பார்க்கப்போகிறேன். வேகமாக ஓடத் தெரியும் என்று நிரூபித்தாகிவிட்டது.

இப்போது உன்னிடம் கேட்க வந்தது. மாரத்தான் முழுவதும் என் பக்கத்திலேயே ஓடுவதாகச் சொன்னாய். வேண்டாம் கண்ணு. நீ 4.10-ல் முடிக்கக்கூடியவள், எனக்காக ஐந்து மணி நேரம் காலைப் பிடித்துக்கொண்டு ஓடினால் உனக்கு இடுப்பு வலிக்கும், எனக்கு மனசு வலிக்கும். முதல் ஐந்து கிலோமீட்டர் மட்டும் கூட ஓடு. 7 நிமிடத்துக்கு ஒரு விநாடி குறைந்தாலும் சட்டையைப் பிடித்து இழு. உன்னால் மட்டும்தான் என்னிடம் அதைச் செய்ய முடியும். ஐந்தில் என்னை விட்டுவிட்டுப் போ, இழந்த நேரத்தைப் பிடிக்க உனக்கு இன்னும் 37 கிலோமீட்டர் இருக்கிறது, மெதுவாகப் பிடி.

அப்பாவை முடியும் இடத்தில் நிறுத்தாதே. அங்கே கைதட்ட ஆள் நிறைய இருப்பார்கள். 32-ல் நிறுத்து. முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லாமல் போகிற இடம் அதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒன்றும் பேச வேண்டாம், தெரிந்த ஒரு முகம் போதும்.

அவரிடம் சொல்லிவிட்டேன். அங்கே உட்கார நாற்காலி இருக்குமா என்று கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா