பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியேதான். நீ போனை எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரலோடு சரி. அதான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சிடி கடைப் பக்கம் போனேன். 110 யென் அடுக்கில் பாடகி உதாதா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ ஆல்பம் மட்டும் ஏழெட்டு இருந்தது. ஒன்றில் வரிகள் அச்சடித்த புத்தகத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் உச்சரிப்பை எளிய ஹிரகனா எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள், அம்மா செய்தது போலவே. 1999இல் மூவாயிரம் யென்னுக்கு மேல் கொடுத்து அவள் வாங்கி வந்த அன்று வீட்டில் நடந்த கூத்துதான் உனக்குத் தெரியுமே. 110 யென்னுக்கு வந்துவிட்டதே என்று மட்டமாக நினைக்காதே. வீட்டுக்கு வீடு இருந்த பொருள் பழைய கடைக்கு வராமல் எங்கே போகும்? மார்ச் 10 வெளியானது, முதல் வாரமே 20 லட்சம் பிரதி தாண்டியது. விற்பனைப் பட்டியல் போடும் ஓரிகான் கணக்கில் மொத்தம் 76 லட்சத்துக்கும் மேல். ஜப்பானில் இன்றுவரை எந்த ஆல்பமும் அதைத் தொடவில்லை. இனி தொடுவதும் கஷ்டம். சிடி வியாபாரமே 1998இல் உச்சிக்குப் போய் அப்புறம் இறங்கிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு அப்போது 16 வயது. உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கான்ஜி எழுத்துப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாக வந்தவள் நீ. அத்தையிடம் இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பெற்றவர்களுக்கு ஒரு போன் போடத் தெரியவில்லை.

பக்கத்து பிளாக் தம்பி வேலையை விட்டுவிட்டான். தப்பில்லை. ஆனால் கம்பெனி இன்ஷூரன்ஸ் போன 14 நாளுக்குள் வார்டு ஆபீஸுக்குப் போய் கொகுமின் கென்கோ ஹோகென் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டில் பதிய வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. பென்ஷனும் அப்படித்தான். பொதுவாகச் சொல்லி வைக்கிறேன்.

உதாதாவின் அம்மா ஃபுஜி கெய்கோவும் லேசுப்பட்டவள் இல்லை. 1970இல் அடுத்தடுத்து இரண்டு ஆல்பம், சேர்த்து 37 வாரம் ஓரிகானில் முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அது என்கா, ஜப்பானியப் பழைய பாணி உருக்கப் பாட்டு. மகள் அந்த வழியில் போகாமல் நியூயார்க்கில் கேட்டு வளர்ந்த ஆர் அண்ட் பியைத் தன் பாணியில் பாடினாள். அதைக் கேட்கத்தான் அவ்வளவு கூட்டம்.

அவளே 2010இல் போதும் என்று நிறுத்தினாள், தெரியுமா? 27 வயது. கொஞ்ச நாள் சாதாரண மனுஷியாக இருந்து பார்க்கிறேன் என்று சொல்லி, டிசம்பரில் யோகோஹாமாவில் கச்சேரியை முடித்துக்கொண்டு போனவள்தான். நடுவில் 2013இல் அவள் அம்மா கெய்கோவும் போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. 2016 ஏப்ரலில் என்ஹெச்கே காலைத் தொடரின் பாட்டாக அவள் குரல் திரும்பி வந்தபோது உன் அம்மா தோசைக்கல்லை அப்படியே விட்டுவிட்டு டிவி முன்னால் வந்து நின்றாள். தோசை கரிந்தது. அவள் ஒதுங்கியிருந்த அந்த ஐந்தாறு வருஷத்தில் பழைய ஆல்பத்தின் ஒரு பிரதிகூடக் கணக்கிலிருந்து குறைந்துவிடவில்லை. 2022இல் நெட்ஃபிளிக்ஸ் அந்த ஆல்பத்தின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ பாட்டை வைத்தே தொடர் எடுக்க, உன் வயதுப் பிள்ளைகளும் அதைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

உனக்கும் 27 ஆகிவிட்டது. சும்மா, கணக்குக்குச் சொன்னேன். வாடகைக்குப் பணம் ஏதாவது வேண்டுமா? பெட்டியில் சாம்பார்ப்பொடியும் கருவேப்பிலையும் அடியில், மேலே அந்த 110 யென் சிடி. உன்னிடம் பிளேயர் இல்லை என்று அம்மா திட்டினாள். 14 நாள் விஷயத்தை மறக்காதே, அந்தத் தம்பியைப் போல.

செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டுவரும்படி நேரம் குறித்திருக்கிறேன். வீட்டில்தானே இருப்பாய்.

அப்பா