பந்தி முடிந்த பிறகு வைக்கும் பத்திரிகை

தமிழ்நாட்டின் தலைமைத் தேர்தல் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னைப் புறநகரில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. விரலுக்கு மை வைக்கும் அலுவலராகத் தொடங்கி, கடைசி இரண்டு முறை வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் வரைக்கும் ஐந்து தேர்தல்களில் பூத் வேலை பார்த்திருக்கிறேன். கூடவே நாலு வருடமாக எங்கள் பகுதியில் வாக்காளர் பட்டியலின் ஒரு பாகத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ. மாநிலம் முழுக்க உங்களுக்கு இருக்கும் 68,000-க்கும் மேற்பட்ட கைகால்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வலித்தால் தலைக்குச் சொல்ல வேண்டுமே, அதற்காகத்தான் இந்த மடல்.

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் நாள். கூவத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் எனக்கு டியூட்டி. விடிகாலை ஐந்தரைக்கு ஏஜென்ட்டுகளை வைத்து மாதிரி ஓட்டு 50 போட்டு, கணக்குச் சரிபார்த்து, அழித்து, சீல் வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம். பத்து மணி வாக்கில் ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். கையில் வாக்காளர் அட்டை, மேலே பிளாஸ்டிக் உறை, அதற்கும் மேலே ஒரு கர்ச்சீப். முதல் அலுவலர் பட்டியலை இரண்டு முறை புரட்டினார். பெயர் இல்லை.

"இதுல என் போட்டோ இருக்கே டீச்சர்" என்று என் மேஜைக்கு வந்தார். நான் டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. விசாரித்தால், ஆற்றோரத்தில் இருந்த வீட்டைக் காலி செய்து பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஓட்டு மட்டும் இங்கேயே இருக்கிறது என்று நம்பி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். "ரேஷன் கார்டை மாத்திக் குடுத்தாங்க, ஓட்டைப் பத்தி யாரும் கேக்கலையே" என்றார். அட்டை இருந்தால் மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு என்று சொல்லிப் புரியவைத்தேன். புரிந்தது. ஆனால் உடனே போகவில்லை. பள்ளி வாசலில் மகளிர் குழுவினர் போட்ட பெரிய ரங்கோலி, பக்கத்தில் 'நான் வாக்களித்துவிட்டேன்' என்று எழுதிய செல்ஃபி அட்டை. அந்த அட்டையின் நிழலில்தான் வெயில் தாழக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

கோலத்தை நான் குறை சொல்லவில்லை, நன்றாகவே இருந்தது. என் கேள்வி தேதியைப் பற்றியது.

அந்தத் தேர்தல் அறிவிக்கப்பட்டது மார்ச் 16. தமிழ்நாட்டில் வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 27. மனுவின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை வரும் விண்ணப்பங்கள்தான் அந்தத் தேர்தலுக்குக் கணக்கு. ஆக, பெயர் சேர்க்கவோ முகவரி மாற்றவோ கடைசி நாள் மார்ச் 17. டிவியில் தேர்தல் தேதியைக் கேட்டுவிட்டு ஒருவர் தூங்கி எழுந்தால், கையில் இருப்பது ஒரே ஒரு நாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறம்தான் ஊரெல்லாம் விழிப்புணர்வு ஆரம்பித்தது. மாரத்தான், மனிதச் சங்கிலி, பால் பாக்கெட்டில் வாசகம், பள்ளிப் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு எழுதும் உறுதிமொழிக் கடிதம். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கல்யாணப் பத்திரிகை வைப்பதை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நாம் ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத்தான் செய்கிறோம். நானும் சேர்ந்துதான். என் வகுப்புப் பிள்ளைகள் 34 பேரை அந்தக் கடிதம் எழுதவைத்தவள் நான்தான்.

ஓட்டுப் போடாதவர் என்றாலே சோம்பேறி, லீவு நாளில் மகாபலிபுரம் போய்விட்டவர் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சென்னையைத் திட்ட அது வசதி. 2024-இல் தர்மபுரியில் 81.20 சதவீதம், மத்திய சென்னையில் 53.96. உடனே நகரத்து மக்களுக்குப் பொறுப்பில்லை என்று தலையங்கம் வந்துவிடும். மகாபலிபுரம் போனவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பூத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரியும், வராதவர்களில் எத்தனையோ பேர் இல்லாதவர்கள். செத்தவர், வீடு மாறியவர், இரண்டு இடத்தில் பெயர் இருப்பவர். எங்களிடம் அதற்கு ஒரு தனிப் பட்டியலே தருவார்கள், ஏ.எஸ்.டி. லிஸ்ட் என்று. வகுத்தலில் கீழே இருக்கும் எண் ஊதிப்போயிருந்தால் விடை சிறுத்துத்தான் வரும், இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

இதற்கு அத்தாட்சி உங்கள் கையிலேயே இருக்கிறது. 2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் முதல் கட்ட முடிவில், டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. சுமார் 6.41 கோடியாக இருந்த பெயர்கள் 5.43 கோடி ஆயின. நீக்கப்பட்ட 97 லட்சத்தில் இறந்தவர்கள் 27 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, இரட்டைப் பதிவு 3 லட்சத்துக்கு மேல். மீதி 66 லட்சம் பேர் வீடு மாறியவர்கள், தேடியும் கிடைக்காதவர்கள். சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல் போயிற்று. நூறு பேரில் 70 பேர் ஓட்டுப் போட்டால் 70 சதவீதம். அந்த நூறில் 15 பெயரை எடுத்துவிட்டால் அதே 70 பேருக்கு 82 சதவீதம். ஒருவர்கூடப் புதிதாக வரத் தேவையில்லை. இனி சதவீதம் ஏறினால் அதைக் கோலத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

அந்த 66 லட்சத்தில் சிலரை எழுதியது இந்தக் கைதான். எங்கள் பாகத்தில் ஒரு காம்பவுண்ட், எட்டு வாடகை வீடுகள், பொதுவாக ஒரு கைப்பம்பு. மூன்று முறை போக வேண்டும் என்பது விதி. நான் ஐந்து முறை போனேன், பள்ளி விட்டு சாயங்காலம் டார்ச் அடித்துக்கொண்டு. மூன்று வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டால், "கொத்தனார் வேலை, ஊருக்குப் போயிருக்காங்க, எந்த ஊருன்னு தெரியாது" என்பார்கள். போன் நம்பர் இருக்காது. இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் அவர் பெயரையோ அப்பா பெயரையோ தேடச் சொன்னார்கள். ஆள் யாரென்றே தெரியாதபோது அப்பாவை எங்கே தேடுவது? கடைசியில் 'இடம்பெயர்ந்தவர்' என்று எழுதினேன். எழுத மூன்று நொடி ஆனது. அந்தக் கொத்தனார் போன ஊரில் அவர் பெயரைச் சேர்க்க யார் போனார்கள் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பெயரை எடுக்க வீட்டு வாசலுக்கு வருகிறோம், சேர்க்க மட்டும் அவரே வர வேண்டும் என்கிறோம். என் மனசில் நெருடுவது இதுதான்.

பட்டியலில் பெயர் காணாமல் போவது நம் நாட்டுக்குப் புதிது இல்லை. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அந்நிய ஆளிடம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்று பதிந்தவர்கள் அவர்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில். இப்படிப் பதிவதை முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏற்கவில்லை. கடுமையான முடிவுதான். ஆனால் அதற்கு முன்பு பெயரைச் சொல்ல அவகாசமும் கொடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் அந்தப் பெண்கள் மெல்ல மெல்லப் பெயரோடு பட்டியலுக்கு வந்தார்கள். அன்றைக்குப் பெண்களிடம் முகவரி இருந்தது, பெயர் இல்லை. பெரும்பாக்கத்து அம்மாவிடம் பெயர் இருக்கிறது, படமும் இருக்கிறது, முகவரிதான் மாறிவிட்டது. அதுவும் அவராக மாற்றியதில்லை.

இதெல்லாம் முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கொடைக்கானல் மலையில் வெள்ளகவிக்கு ரோடு இல்லை என்று குதிரை முதுகில் இயந்திரத்தை ஏற்றி அனுப்பும் துறை உங்களுடையது. 85 வயது தாண்டியவர்களுக்குப் படிவம் 12டி வாங்கி, வீட்டுக்கே போய் ஓட்டு வாங்குகிறோம். எங்கள் தெருவில் ஒரு தாத்தாவுக்கு அப்படிப் போனார்கள். ரெண்டு அலுவலர், ஒரு போலீஸ், ஒரு கேமராக்காரர், ஓர் அட்டைத் தடுப்பு. ஒரே ஒரு ஓட்டுக்கு இத்தனை பேரா என்று தாத்தா எல்லாருக்கும் மோர் கொடுத்தார். ஒரு ஓட்டை அந்த அளவுக்கு மதிக்கத் தெரிந்தவர்கள்தானே நாம்.

இன்னொரு உதாரணம் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓட்டுக்கு நோட்டு கொடுப்பவர்கள் யாரையும் தவற விடுவதில்லை. எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, இதில் கட்சி பேதம் கிடையாது. 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தானதே இதனால்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பட்டியல்படி நாலு ஓட்டு. கவர் வந்ததோ மூன்று. "பெரிய பொண்ணு கல்யாணமாகித் திருப்பூர் போயிடுச்சே" என்றாராம் வந்தவர். அதே வீட்டுக்கு எங்கள் தரப்பில் போன பூத் சிலிப் நாலு! குற்றம் செய்கிறவனின் பட்டியல் சுத்தமாக இருக்கிறது. அவன் வருடம் முழுக்க அந்தத் தெருவில் இருக்கிறான், நாம் தேர்தலுக்கு முன்பு போகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

மக்களுக்கு விஷயம் போய்ச் சேராது என்றும் சொல்ல முடியாது. நம் ஓட்டை வேறு ஒருவர் போட்டுவிட்டால் 49பி விதிப்படி தனி ஓட்டு கேட்கலாம் என்பது ஒரு சினிமாவால் ஊருக்கே தெரிந்துவிட்டது. பட்டியலில் பெயரே இல்லாத ஒரு பையன், போனைக் காட்டி என்னிடம் 49பி கேட்டு அரை மணி நேரம் வாதாடினான். அவனுக்குப் படிவம் 8 தெரியவில்லை. வீடு மாறினால், பக்கத்துத் தெருவானாலும் வேறு தொகுதியானாலும், படிவம் 8 கொடுத்தால் பழைய இடத்தில் போய்ப் புது இடத்தில் வந்துவிடும். தெரியாதவர்கள் புதுசாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுக்கிறார்கள், பெயர் இரண்டாகிறது. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று 18 வயது நிறைந்ததா என்று பார்க்க வருடத்துக்கு நாலு தகுதி நாள் வந்துவிட்டதும், 17 வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பதும் எங்கள் பள்ளி ஆசிரியர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், கோட்டையில் இருக்கும் நீங்கள் வேறு என்பதுகூடத் தெரியாது. வார்டு தேர்தலில் பெயர் இல்லை என்று உங்களைத் திட்டுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

சொல்லும் எண்ணிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதே ஏப்ரல் 19 மாலை மாநில சதவீதம் 72.09 என்று அறிவிப்பு வந்தது. நள்ளிரவில் 69.46 ஆனது, கடைசியில் 69.72. இதில் சூது எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போனில் சொல்லும் எண் தோராயம், 17சி படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டு ஏஜென்ட்டுகளுக்குக் கொடுப்பதுதான் கணக்கு. ஆனால் டீக்கடையில் இருப்பவருக்கு அது தெரியாது. மாலை எண்ணைச் சொல்லும்போதே 'இது தோராயம், 17சி வந்தபின் மாறும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால், மறுநாள் காலை டீக்கடையில் அத்தனை கதை கிளம்பியிருக்காது.

சரி, நான் கேட்பது என்ன? விழிப்புணர்வுக்கு வைத்திருக்கும் பணத்தையும் ஆளையும் தேர்தல் இல்லாத மாதங்களுக்கு நகர்த்துங்கள். ஜனவரி 25 வாக்காளர் தினத்தில் உறுதிமொழி வாசிப்பதோடு அந்தந்தத் தெருவின் பட்டியலையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். சுப்பையா செத்து ஆறு வருடமாச்சு என்றும், மூணாம் வீட்டுப் பொண்ணு பெயர் விட்டுப்போச்சு என்றும் வரிசையில் நிற்பவர்களே சொல்லிவிடுவார்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரி அரசே ஆட்களை இடம் மாற்றும் இடங்களில், வீட்டுச் சாவியோடு படிவம் 8-ஐயும் நிரப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாக்கம் இருக்கும் சோழிங்கநல்லூர்தான் மாநிலத்திலேயே அதிக வாக்காளர் கொண்ட தொகுதி. அங்கிருந்தே தொடங்கலாம். ஒரு பெயரை எடுப்பதாக இருந்தால், எடுப்பதற்கு முன்பு அவர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி தமிழில் போகட்டும். இவற்றில் தேர்தல் ஆணையத்திடம் கேட்க வேண்டியது பாதிதான் இருக்கும், மீதியை உங்கள் சுற்றறிக்கை ஒன்றே செய்துவிடும் என்று நினைக்கிறேன்.

பி.எல்.ஓ. மதிப்பூதியத்தை ஆணையம் வருடத்துக்கு 6,000-இலிருந்து 12,000 ரூபாயாக உயர்த்தியதற்கு நன்றி. அது பெட்ரோலுக்குச் சரியாகப் போய்விடும், பரவாயில்லை. அதைவிட எனக்கு வேண்டியது வேறு. போன சிறப்பு முகாமில் காலை பதினோரு மணிக்கே படிவம் 8 தீர்ந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன், அங்கே கரண்ட் இல்லை. அடுத்த முகாமுக்கு எங்கள் பாகத்துக்கு இருநூறு படிவம் அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் காம்பவுண்டில் மூன்று வீடுகளுக்குப் புதுசாக ஆள் வந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பி.எல்.ஓ. ஆசிரியை