நோவா என்பது பிறப்பு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், மங்கலான விண்மீன் ஒன்று திடீரெனப் பிரகாசமாகும் நிகழ்வான நோவா பற்றி எழுதியதற்கு நன்றி. ஆனால் 'புதிய நட்சத்திரம் பிறந்தது' என்று தலைப்பு வைத்துவிட்டீர்கள். அங்கே எதுவும் பிறக்கவில்லை. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வயதான வெண்குள்ள விண்மீன் ஒன்று, தன்னோடு சேர்ந்து சுற்றும் துணை விண்மீனிடமிருந்து ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தன் மேல் சேர்த்துக்கொள்கிறது. அந்த அடுக்கு கனக்கக் கனக்க, அடியில் அழுத்தமும் சூடும் ஏறி, ஒரு கட்டத்தில் அணுக்கரு இணைவு பற்றிக்கொள்கிறது. மேலடுக்குதான் வெடித்துச் சிதறுகிறது, விண்மீன் அப்படியே இருக்கிறது. அதனால்தான் டி கொரோனா போரியாலிஸ் என்ற அதே விண்மீன் 1866-இலும் வெடித்தது, 1946-இலும் வெடித்தது.

கண்டுபிடித்தவர்களைப் பற்றி ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். பிரகாசமான நோவாக்கள் பலவற்றை முதலில் பார்த்தவர்கள் சம்பளத்துக்கு வானம் பார்த்தவர்கள் அல்ல. ஜார்ஜ் ஆல்காக் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆயிரக்கணக்கான விண்மீன்களின் இடங்களை மனப்பாடமாக வைத்திருந்தார். 1991-இல், 78 வயதில், வீட்டுக்குள் இருந்தபடியே மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாகப் பைனாகுலரில் பார்த்து ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில் ஒரு நோவாவைக் கண்டுபிடித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

2013 ஆகஸ்ட் 14 அன்று ஜப்பானின் கொய்ச்சி இடகாகி டெல்ஃபினஸ் குழுவில் கண்ட நோவாவை நானும் பார்த்தேன். அம்பு வடிவில் இருக்கும் சஜிட்டா குழுவின் முனை காட்டும் திசையிலேயே பைனாகுலரை நகர்த்தினால் போதும். சாதாரணப் புள்ளிதான். ஆனால் வரைபடத்தில் இல்லாத புள்ளி! அப்புறம் தினமும் அக்கம்பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, எதைவிடப் பிரகாசம், எதைவிட மங்கல் என்று நோட்டில் குறித்துவந்தேன். அது மெல்ல மங்கியதை என் கையெழுத்திலேயே இன்றும் பார்க்கலாம்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த நோவா தெரிந்தவுடன், மறுநாள் இதழிலேயே வரைபடம் போடுங்கள். பக்கத்து விண்மீன்களின் பொலிவு எண்களையும், எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துத் தாருங்கள். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். 1975-இல் சிக்னஸ் குழுவில் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்த நோவாவின் ஒளி, உச்சத்துக்குப் பிறகு சுமார் 4 நாட்களில் 16-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்